உடைமையாளர் யார்? தயாரித்தவர் யார்?
போர்க்கால விமானக் கருவிகள் வழியே ஒரு பாடம்

நான் பணிபுரியும் அத்திப்பட்டுக்கு மேற்கே சோழவரம், தென்மேற்கே புழல் ஏரி. இரண்டாம் உலகப் போரின்போது சோழவரத்தில் விமான ஓடுதளம் இருந்தது. புழல் ஏரியோ பிரிட்டிஷ் விமானப்படையின் கடல் விமானத் தளம். அதன் 240ஆம் படைப்பிரிவின் கேட்டலினா விமானங்கள் ஏரியிலிருந்து எழும்பி வங்காள விரிகுடாவைக் கண்காணித்தன. பத்தாம் வகுப்பில் உலகப் போர் பாடத்தை நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

இரவில் கடலுக்கு மேலே பறப்பவருக்கு அடையாளம் காட்ட மலையோ கோபுரமோ கிடையாது. விண்மீனின் உயரக் கோணத்தைச் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து விமானத்தின் இடத்தைக் கணக்கிட்டனர். இருளில் தொடுவானம் தெரியாது. எனவே கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதுபோல ஒரு குமிழி கருவிக்குள்ளேயே மட்டத்தைக் காட்டியது.

இத்தகைய கருவியைச் செய்தது யார் என்று கண்டறிவது, சான்றுகளைப் பகுத்தாராயும் நல்ல பயிற்சி. படங்களைக் காட்டி மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

1. இது யாருடைய உடைமை?
கிரீடமும் ‘ஏ.எம்.’ என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. பலரும் இதையே தயாரிப்பாளர் குறி என்று எண்ணிவிடுகிறார்கள். அமெரிக்கக் கருவியில் ‘ஏ.என்.’ என்பது தரைப்படையும் கடற்படையும் ஏற்ற பொதுத்தரத்தைக் குறிக்கும். அதுவும் நிறுவனத்தின் பெயரன்று.

2. இது என்ன பொருள்?
‘6ஏ’, ‘6பி’ என்று தொடங்கும் எண்கள் பிரிட்டிஷ் கிடங்குப் பட்டியல் எண்கள். ஒரே வகைக் கருவியைப் பல நிறுவனங்கள் செய்தாலும் எண் ஒன்றே.

3. செய்தவர் யார்?
பெயர் இருந்தால் எளிது. ஒன்பதாம் வகைக் குமிழிச் செக்ஸ்டன்டை லண்டனின் ஹென்றி ஹியூஸ் நிறுவனம் செய்தது. அந்நிறுவனம் 1947இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து ‘கெல்வின் அண்ட் ஹியூஸ்’ ஆனது. ஆகவே அந்தப் புதிய பெயர் பொறித்த கருவி போருக்குப் பின் வந்தது. பெயரே காலத்தையும் சொல்லிவிடுகிறது! ஜெர்மானியரோ தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்கு இலக்காகாமல் இருக்க, பெயருக்குப் பதில் மூன்றெழுத்துக் குறியீடு பொறித்தனர். ஒளியியல் கருவிகளில் ‘பி.எல்.சி.’ என்றால் கார்ல் சைஸ், ‘பி.இ.எச்.’ என்றால் லைட்ஸ்.

வகுப்பில் செய்ய, வீட்டுப் பொருள்களே போதும். மின்மீட்டரில் மின்வாரியத்தின் பெயர் இருந்தால் அது உடைமையாளரைச் சொல்கிறது. செய்த நிறுவனத்தின் பெயரைத் தனியே தேட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை தரத்தைச் சொல்கிறது. மாணவர்கள் இவற்றை மூன்று பத்திகளில் அட்டவணைப்படுத்தட்டும். (மீட்டரைத் தொடாமல் பார்த்து எழுதினால் போதும்.)

ஓர் எச்சரிக்கை
கும்மிடிப்பூண்டி வரை உருக்காலைகளும் காயலான் கடைகளும் நிறைந்த பகுதி எங்களுடையது. பிள்ளைகள் பழைய முகப்புக் கருவிகளை ஆசையோடு எடுத்துவரக்கூடும். போர்க்கால முகப்புகள் பலவற்றில் இருளில் ஒளிரும் ரேடியம் பூச்சு உண்டு. ரேடியம்-226இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். காலப்போக்கில் பூச்சிலுள்ள ஒளிரும் வேதிப்பொருள் சிதைந்து வெளிச்சம் நின்றுவிடும், கதிர்வீச்சு நிற்காது. ‘ஒளிரவில்லை, ஆகவே ஆபத்தில்லை’ என்ற முடிவு தவறு.

காயலான் சரக்கில் கலந்த கதிரியக்கப் பொருள் என்ன செய்யும் என்பதை 2010இல் டெல்லி மாயாபுரி காட்டியது. அங்கே கோபால்ட்-60 பட்டு ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். அது ரேடியத்தைவிட மிக வலிமையான கதிர்மூலம். ஆனால் ரேடியம் பூச்சின் தூசு மூச்சிலோ உணவிலோ உடலுக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும்.

எனவே பழைய கருவியின் கண்ணாடியைத் திறக்கவோ முகப்பைச் சுரண்டவோ விடக் கூடாது. தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யுங்கள். கருவியை வகுப்பறையில் வைக்காமல் தலைமையாசிரியர் வழியாகக் காவல் நிலையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். பாடம் நடத்தப் படங்களே போதும்.