குவெரியில் வேரியபிள் சேர்த்தால் எரர் வருகிறதா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் நிறுவி, தங்கள் கடைக்கு வாடிக்கையாளர் பட்டியல் தயாரிப்பவர்கள் எங்கள் வடகரையிலும் உண்டு. அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஊர்ப் பெயரைக் குவெரியில் நேரடியாக எழுதினால் பதில் வருகிறது. வேரியபிளில் போட்டுக் கொடுத்தால் எரர் வருகிறதே?"

குவெரி என்பது டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வி. வேரியபிள் என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி. பெட்டியில் இருப்பதை பி.எச்.பி. குவெரியில் ஒட்டி, ஒரே வாக்கியமாக அனுப்பிவிடும். அதில் எது கட்டளை, எது தகவல் என்பதை மைஎஸ்க்யூஎல் மேற்கோள் குறியைப் பார்த்துத்தான் பிரித்தறிகிறது.

ஊர் = வடகரை என்று குறி இல்லாமல் போனால், 'வடகரை' என்றொரு ஃபீல்டைத் தேடும்; கிடைக்காமல் 1054 என்ற எரரைத் தரும். ஊர் = பழைய குற்றாலம் என்று போனால், இரண்டாவது சொல் எதற்கு என்று புரியாமல் 1064, அதாவது சின்டாக்ஸ் எரர் தரும். எண் வர வேண்டிய வேரியபிள் காலியாக இருந்தாலும், வாக்கியம் பாதியில் நின்று 1064 வரும்.

முதலில், அனுப்பப் போகும் குவெரியை 'எக்கோ' கொடுத்துத் திரையில் பாருங்கள். எரர் செய்தியில் 'நியர்' என்ற சொல்லுக்குப் பின் வருவது, மைஎஸ்க்யூஎல் தடுமாறிய இடம். தவறு பெரும்பாலும் அங்கே, அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கும்.

வேரியபிளைச் சுற்றிக் குறி போட்டால் போதுமா? போதாது. தூத்துக்குடி வாடிக்கையாளர் பெயர் டி'சோசா என்றால், நடுவில் உள்ள குறியிலேயே பெயர் முடிந்ததாக மைஎஸ்க்யூஎல் எடுத்துக்கொள்ளும். மீண்டும் 1064!

இது வெறும் எரர் மட்டுமல்ல. அதே இடத்தில் ஒருவர் வேண்டுமென்றே குறியும் கட்டளையும் தட்டினால், உங்கள் பட்டியல் முழுவதும் அவர் கைக்குப் போகலாம். இதன் பெயர் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். 2015-ல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் 1,56,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்கள் இந்த வழியில்தான் திருடு போயின.

சரியான தீர்வு, பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். குவெரியில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி (?) மட்டும் போடுங்கள், அதைச் சுற்றி மேற்கோள் குறி வேண்டாம். மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். பி.எச்.பி.யின் மைஎஸ்க்யூஎல்ஐ, பி.டி.ஓ. இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஃபீல்டு, டேபிள் பெயர்களுக்குப் பதிலாக மட்டும் கேள்விக்குறி போட முடியாது.

இன்றே உங்கள் புரோகிராமில் டி'சோசா என்று ஒரு பெயரைச் சேர்த்துப் பாருங்கள். எரர் வந்தால், திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும்.