தொட்டில் எங்கே போயிற்று?

சிகாகோ என்றதும் உழைப்பாளியின் நெஞ்சில் எது எழும்? மே நாள் எழும்! எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே முதல் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம் எழும். நான்காம் நாள் ஹேமார்க்கெட் திடலில் வெடித்த குண்டும், அதை வீசியவன் இன்னான் என்று மெய்ப்பிக்காமலே 1887 நவம்பர் 11-இல் தூக்கிலிடப்பட்ட நால்வரும் நினைவுக்கு வருவார்கள். அந்தச் சிகாகோவின் நினைவைத்தான் 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்.

அந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. பளபளக்கும் முகம்! அதைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தேன். ஜூடித் பெயின் மெக்பிரியன் என்னும் அம்மையார் இயக்கி, 2010-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வெளிவந்த ஆவணப் படம். பெயர் 'மேக் நோ லிட்டில் பிளான்ஸ்'. சிறு திட்டம் தீட்டாதீர் என்று பொருள். கட்டடக் கலைஞரும் நகர அமைப்பாளருமான டேனியல் பர்ன்ஹாமின் வரலாறு அது. அவர் சொன்னதாக வழங்கும் சொல்லையே படத்துக்குப் பெயராக்கியிருக்கிறார்கள்.

யார் இந்தப் பர்ன்ஹாம்? 1846-இல் பிறந்தவர். ஹார்வர்டு கதவைத் தட்டினார். நுழைவுத் தேர்வில் தோற்றார். யேல் கதவைத் தட்டினார், அங்கும் தோல்வி. நெவாடாவுக்குப் பொன் தேடிப் போனார், கிட்டவில்லை. அங்கே தேர்தலில் நின்றார், அதிலும் தோல்வி! கடைசியில் ஜான் ரூட் என்ற கூட்டாளியோடு சேர்ந்து, 1871-இல் பெருந்தீயில் வெந்து கருகிய சிகாகோவில் கட்டடத் தொழிலில் கால் ஊன்றினார், வானளாவிகளை எழுப்பினார். தேர்வில் தள்ளிய அதே ஹார்வர்டும் யேலும் பின்னாளில் அவரை அழைத்து மதிப்புப் பட்டம் வழங்கின. பட்டமில்லாதவனுக்கு அறிவேது என்று நம்மைப் பார்த்து நகைத்தவர்கள் உண்டல்லவா? அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்!

கொலம்பஸ் அமெரிக்கா கண்டு நானூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட, 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி கூடியது. ரூட் 1891-லேயே மறைந்துவிட்டதால், கட்டுமானப் பொறுப்பு முழுவதும் பர்ன்ஹாம் தோளில் விழுந்தது. சதுப்பும் மணலுமாய்க் கிடந்த ஜாக்சன் பூங்காவில் தூண்களும் குவிமாடங்களும் எழுந்தன. மின்விளக்கு இரவைப் பகலாக்கிற்று. 'வெள்ளை நகர்' என்று பெயர் சூட்டினார்கள். ஆறு மாதத்தில் 2 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள்! அந்த ஆண்டுச் சிகாகோ என்றால் நம் நாட்டில் விவேகானந்தர் பேசிய சமய மாநாட்டைத்தான் சொல்வார்கள். அதுவும் இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். அது கிடக்கட்டும்.

கண்காட்சி திறந்த நாள் எது தெரியுமா? மே முதல் நாள்! வேலைநிறுத்தம் வெடித்த அதே ஊரில், ஏழே ஆண்டு கழித்து, அதே நாளில் திருவிழா! விழா நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 26-இல், இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், ஹேமார்க்கெட் வழக்கில் சிறையில் வாடிய மூவரை விடுவித்தார். விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று எழுதியே விடுவித்தார். தூக்கில் தொங்கிய நால்வரை எந்த ஆணை எழுப்பும்?

வெள்ளை நகர் பளிங்கால் ஆனதல்ல. சாந்தும் நாரும் கலந்த பூச்சுத்தான். ஆனால் அந்த வெண்மை சுவரோடு நிற்கவில்லை. கறுப்பின மக்களுக்குக் கண்காட்சியில் உரிய இடம் மறுக்கப்பட்டது. அடிமையாய்ப் பிறந்து அறிவால் உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், சொந்த நாட்டுக் கண்காட்சியில் எய்ட்டி நாட்டின் சார்பாளராக நின்றார்! நின்றவர் சும்மா இருந்தாரா? ஐடா வெல்ஸ் என்ற வீராங்கனையோடு சேர்ந்து, இந்த விழாவில் கறுப்பின அமெரிக்கன் ஏன் இல்லை என்று விளக்கும் சிறு நூலை அச்சிட்டு, எய்ட்டி நாட்டுக் கூடத்திலிருந்தே வந்தவர்களுக்கு வழங்கினார். துண்டு வெளியீட்டின் வலிமை நமக்குத் தெரியாததா!

விழா முடிந்தது, விளக்கு அணைந்தது. நாடெங்கும் தொழில் படுத்தது. 1894-இல் புல்மன் என்ற முதலாளி கூலியைக் குறைத்தார். தொழிலாளர்க்கென்று தாம் கட்டிய 'மாதிரி நகரில்' வாடகையைக் குறைக்க மறுத்தார். வேலைநிறுத்தம் மூண்டது, படை வந்தது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, ஜூலை 5-இல், வெள்ளை நகரில் எஞ்சியிருந்த பெருங்கட்டடங்கள் பல எரிந்து சாம்பலாயின.

பர்ன்ஹாமின் புகழோ வளர்ந்தது. வாஷிங்டனுக்குத் திட்டம், சான் பிரான்சிஸ்கோவுக்குத் திட்டம், அமெரிக்கா அடிமை கொண்டிருந்த பிலிப்பைன்சில் மணிலாவுக்கும் பாகியோவுக்கும் திட்டம். முடிவாக 1909-இல், எட்வர்ட் பென்னட்டுடன் சேர்ந்து தீட்டிய 'சிகாகோ திட்டம்'. அதை நூலாக வெளியிட்டது யார்? நகரத்துச் செல்வர்கள் கூடிய வணிகர் மன்றம்!

நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கென்ன தயக்கம்? மிச்சிகன் ஏரியின் கரை மக்களுக்கு உரியது என்று அந்த நூல் எழுதி வைத்தது. இன்று அந்தக் கரையின் பெரும்பகுதி எவரும் காலாற நடக்கும் பொதுப் பூங்காவாக இருக்கிறது என்றால், அதில் பர்ன்ஹாமுக்குப் பங்குண்டு. திட்டத்தைப் பரப்பிய முறையும் வியக்கத்தக்கது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூலாக்கினார்கள். ஒளிப்படம் காட்டிச் சொற்பொழிவாற்றினார்கள். இரண்டு சுருள் திரைப்படம் எடுத்துக் கொட்டகைகளில் ஓட்டினார்கள்! நாடகமும் சினிமாவும் கொண்டு கொள்கை பரப்பிய நம்மைக் கூத்தாடிகள் என்று ஏசினார்களே! சிகாகோச் சீமான்கள் நமக்கு முன்பே அதைச் செய்திருக்கிறார்கள்.

படம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இத்தனை பெரிய திட்டத்தில் உழைப்பாளிக்கு என்ன இருந்தது?

விடை இருக்கிறது. பர்ன்ஹாம் தம் கையால் எழுதிய முதற்படி இன்றும் இருக்கிறது. கிறிஸ்டன் ஷாஃபர் என்ற ஆய்வாளர் அதை அச்சான நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குக் காப்பகம், மருத்துவமனை, பள்ளி என்று மக்கள் நலம் பற்றிக் கைப்படியில் நிறைய எழுதியிருக்கிறார் பர்ன்ஹாம். அவற்றில் பெரும்பகுதி அச்சேறவில்லை!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இறைச்சிக் கொட்டில்களும் ஆலைகளும் நிறைந்த ஊர். வேலைக்குப் புறப்படும் தாய் கைக்குழந்தையை எங்கே விடுவாள்? மூத்த மகளிடமா? அவளும் வேலைக்குப் போகிறாளே! பக்கத்து வீட்டுக் கிழவியிடமா? அல்லது பூட்டிய அறைக்குள்ளேயா? அந்தத் தாயின் கவலை, பணக்காரர் வீட்டு விருந்தில் அமரும் அந்தக் கட்டடக் கலைஞரின் நெஞ்சைத் தொட்டிருக்கிறது, பேனாவிலும் இறங்கியிருக்கிறது. ஆனால் வணிகர் மன்றம் வெளியிட்ட நூலில் அகன்ற சாலை இருந்தது, எழில் ஓவியம் இருந்தது, வானை முட்டும் நகர மன்றக் குவிமாடம் இருந்தது. தொட்டில் மட்டும் இல்லை! அந்தக் குவிமாடம் கடைசிவரை கட்டப்படவே இல்லை என்பது வேறு செய்தி.

மக்களுக்கு உரியது என்றார்களே, அந்த ஏரிக்கரை? பர்ன்ஹாம் 1912-இல் மறைந்தார். 1919 ஜூலை 27. வெயில் கொளுத்திய ஞாயிற்றுக்கிழமை. 29-ஆம் தெருவை ஒட்டிய கரை. அங்கே தண்ணீரில் கோடு கிடையாது, சட்டத்திலும் கிடையாது. ஆனால் இந்தப் பக்கம் வெள்ளையர், அந்தப் பக்கம் கறுப்பர் என்ற கட்டுப்பாடு மட்டும் இருந்தது. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், மிதந்தபடியே அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டிவிட்டான். கல் பறந்தது. நீரில் மூழ்கி மாண்டான். இவன்தான் எறிந்தவன் என்று மக்கள் சுட்டிக்காட்டிய வெள்ளையனைக் காவலர் கைது செய்ய மறுத்தார். மூண்டது கலவரம். மடிந்தவர் 38 பேர். கறுப்பர் 23, வெள்ளையர் 15. குளத்து நீருக்கும் தீட்டுப் பார்த்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். இதற்கு உரையா வேண்டும் நமக்கு?

2009-இல் சிகாகோ திட்டத்துக்கு நூற்றாண்டு விழா எடுத்தார்கள். நகரின் நடுவே, பூங்காவில், புதுமைக் கூடங்கள் அமைத்தார்கள். அதே ஆண்டில்தான் 29-ஆம் தெருக் கரை அருகே ஒரு பாறையை நிறுத்தி, யூஜின் வில்லியம்ஸ் நினைவாக ஒரு தகடு பதித்தார்கள். அவன் மாண்டு அப்போது 90 ஆண்டு ஆகியிருந்தது.