அடிவயிற்று நோவும் மனத்தின் துணையும்

அடிவயிற்று நோவைப் பற்றி நாலு பேர் அறியப் பேசுவது நம் பெண்மக்களிடையே வழக்கமன்று. தாயிடம் சொல்வார்கள், தமக்கையிடம் சொல்வார்கள். அவ்விருவரும் தஞ்சையிலோ மதுரையிலோ இருக்க, தில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் தமிழ்ப் பெண் யாரிடம் சொல்வாள்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் திருநெல்வேலிப் பெண்ணொருத்தி, மொழித் துணைக்காக என்னைத் தில்லி மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். அரசாங்கக் கோப்புகளை நாள்தோறும் மொழிபெயர்ப்பவள் நான்; எனினும் அன்று திணறிப்போனேன். அவள் 'குடைச்சல்' என்றாள், 'கடுப்பு' என்றாள், 'பிசைகிறது', 'இழுத்துப் பிடிக்கிறது' என்றாள். எனக்கு அகப்பட்டதோ 'தர்த்' என்னும் ஒரே சொல். இந்தியிலும் மரோட், டீஸ், ஜலன் என்று நோவுக்கு வகை வகையான சொற்கள் உண்டு. அவ்வேளையில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சோதனைகளில் குறை ஏதும் தென்படவில்லை என்று கூறிய மருத்துவர், மனநல நிபுணர் ஒருவரையும் காணுமாறு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். அவள் முகம் சுருங்கிற்று. "என் வலி பொய் என்கிறாரா, அக்கா?" என்றாள். அந்தச் சீட்டு பல மாதங்கள் அவள் கைப்பையிலேயே கிடந்தது.

மருத்துவர் கூறிய யோசனை நல்ல யோசனையே. அதன் காரணத்தை அவரும் விளக்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

கொப்பூழுக்குக் கீழே ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்பர். கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், பழைய கிருமித் தொற்று, சிறுநீர்ப்பையின் கோளாறு, குடலின் கோளாறு, இடுப்பின் அடித்தளத் தசைகளின் இறுக்கம் எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் கருப்பையையும் கருக்குழாய்களையும் பற்றும் காசநோயையும் மறந்துவிடலாகாது. பலருக்கு இவற்றுள் இரண்டு மூன்று ஒருங்கே இருக்கும். வேறு சிலருக்கு எத்தனை தேடினாலும் ஒன்றும் அகப்படாது. ஆயினும் நோவு மெய்யாகவே இருக்கும்.

அஃது எவ்வாறு? கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்ட் மெல்சாக்கும், ஆங்கிலேய நரம்பியலறிஞர் பாட்ரிக் வாலும் 1965-இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். உடலிலிருந்து செல்லும் நோவுச் செய்தி நேரே மூளையை எட்டுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே செல்கிறது. அவ்வாயிலைத் திறக்கவும் ஒடுக்கவும் மூளையிலிருந்தும் கட்டளைகள் இறங்கி வருகின்றன என்பது அதன் சாரம். அச்சமும் துயரமும் வாயிலை அகலத் திறக்கின்றன; அமைதியும், கவனம் வேறொன்றில் ஊன்றுதலும் அதனை ஒடுக்குகின்றன. பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கொள்கையைப் பல இடங்களில் திருத்தின. எனினும் அதன் அடிப்படை நிலைத்துவிட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. நோவு நெடுநாள் நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையடைந்துவிடுகிறது. திருடன் வந்துபோன வீட்டின் நாய், மறுநாள் பால்காரனைக் கண்டும் குரைப்பதில்லையா? அதுபோலவே, மூலகாரணம் ஆறிய பின்னும் சிறுநீர்ப்பை நிறைதல், மலங்கழித்தல், கணவனுடன் கூடுதல் முதலிய இயல்பான நிகழ்ச்சிகளையும் நரம்புகள் நோவென்றே அறிவிக்கின்றன. நோவை எதிர்பார்த்துத் தசைகள் இறுகுகின்றன, இறுக்கம் நோவை வளர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, மனம் சோர்கிறது. வயிற்றுளைச்சல் என்றும் மன உளைச்சல் என்றும் இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆளும் தமிழர்க்கு இது விளங்காததன்று.

உடலையும் மனத்தையும் சேர்த்துக் கவனிப்பதால் பயனுண்டா என்று நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 106 பெண்களிடையே ஆராய்ந்து, முடிவை 1991-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் முதலில் உடற்காரணமே தேடப்பட்டது. வயிற்றினுள் குழாய் செலுத்திப் பார்க்கும் லாப்பரோஸ்கோப்பியும் நடந்தது. மற்றப் பிரிவினருக்கு உடல், மனம், உணவு, சூழ்நிலை, தசைப்பயிற்சி யாவும் தொடக்கத்திலிருந்தே சமமாகக் கவனிக்கப்பட்டன. இப்பிரிவினரே நோவு தணிந்து அதிக நலம் பெற்றனர்.

மனநல நிபுணர் செய்வதுதான் என்ன? முதலில், குறுக்கிடாமல் கேட்கிறார். ஆண்டுக்கணக்கில் 'ஒன்றுமில்லை' என்றே கேட்டு வந்தவளுக்கு இது சிறிதன்று. எந்நாளில், எவ்வேலைக்குப் பின், எம்மனநிலையில் நோவு மிகுந்தது என்று நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார். 'இனி இது தீராது' என்ற எண்ணம் எழும்போது உடலில் நேர்வது யாதென்று கவனிக்கப் பழக்குகிறார். நோவில்லாத நாளில் ஒரு வாரத் துணியையும் துவைத்துவிட்டு மறுநாள் படுத்துவிடும் வழக்கம் நம்மவரிடையே மிகுதி. வேலையைப் பங்கிட்டுச் செய்யக் கற்பிக்கிறார். மூச்சை ஆழ இழுத்து மெல்ல விட்டு அடிவயிற்றைத் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. கணவரையும் உடனழைத்துப் பேசுவது நலம். மனைவி ஒதுங்குவது வெறுப்பினாலன்று, நோவுக்கு அஞ்சியே என்பது பல கணவன்மாருக்கு அங்கேதான் தெரிகிறது. மனச்சோர்வுக்குரிய மாத்திரையைச் சிறு அளவில் எழுதிக் கொடுத்தாலும் திடுக்கிட வேண்டாம்; நரம்பு நோவைத் தணிக்கவும் அவற்றுட் சில பயன்படுகின்றன. மாத்திரையே போதும் என்றும் எண்ணற்க. காபாபென்டின் என்னும் நரம்பு மருந்தைப் பிரிட்டனில் 306 பெண்களிடம் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவின்படி, அது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை.

ஓர் எச்சரிக்கை. மனத்துக்குச் செய்யும் சிகிச்சை உடற்சோதனைக்கு மாற்றாகாது. திடீரென மிகும் நோவு, காய்ச்சல், மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரப்போக்கு, காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவை தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒருவர் சோதிக்காமலே அனுப்பிவிட்டால், வேறொருவரை நாடத் தயங்கற்க.

வெளி மாநிலத்தில் மொழியே பெருந்தடை. செல்லுமுன் நோவின் தன்மையைத் தமிழிலேயே எழுதிவைத்து, மொழியறிந்த தோழி ஒருத்தியைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளை மொழிபெயர்க்க நிறுத்துவது கூடாது. தாய் பாதியை விழுங்கிவிடுவாள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அச்சேவை நடைபெறும் மொழிகளுள் தமிழும் ஒன்று. நோவு தாளாமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவோர் அந்நொடியே அழைக்க வேண்டும்.

என் அண்டை வீட்டுப் பெண் அச்சீட்டை ஒருவழியாக வெளியே எடுத்தாள். நோவு அடியோடு நீங்கிவிடவில்லை. விடிய விடிய விழித்திருக்கும் இரவுகள் மட்டும் குறைந்திருக்கின்றன என்கிறாள். நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதுகிறாள். அதை இந்தியில் பெயர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. 'குடைச்சல்' வருமிடத்தில் இன்றும் சற்று நின்றுதான் எழுதுகிறேன்.