அச்சோவியச் செப்பனிடலில் வெளுத்தல் முறை: ஒரு வரலாற்று நோக்கு

செப்புத்தகட்டில் கோடுகளைச் செதுக்கி, மையிட்டு, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கப்படுவது செப்புத்தகட்டு அச்சோவியம். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் இவ்வோவியங்கள் தாளில் அமைந்தமையால் கறைக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவன. அவற்றைத் தூய்மைப்படுத்தக் கையாண்ட முறைகளுள் வெளுத்தலை மட்டும் இங்கு நோக்குவோம்.

தொடக்கத்தில், துணி வெளுப்பதைப் போன்றே தாளையும் நீரில் நனைத்து வெயிலில் இட்டனர். இதற்குப் பல நாள்கள் தேவைப்பட்டன. 1774இல் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார். 1785இல் பெர்த்தோலே அதன் வெளுக்கும் ஆற்றலைப் புலப்படுத்தினார். பழைய நூல்களையும் அச்சோவியங்களையும் அதனால் வெளுக்கலாம் என 1787இல் ஷப்தால் எடுத்துரைத்தார். 1846இல் பாரிசில் பொன்னார்டோ அச்சோவியச் செப்பனிடல் பற்றித் தனிநூலே வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1858இல் வந்தது.

இம்முறை விரைந்து பரவியதற்குத் தக்க காரணம் உண்டு. அச்சு மை கரித்தூளும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் கலந்தது. குளோரின் கரியை வெளுப்பதில்லை. எனவே கறை மறைந்தது; தாள் வெண்மையுற்றது; கோடுகளோ கருமை குன்றாமல் நின்றன. கண்ணுக்குப் புலனான இவ்வெற்றியே செப்பனிடுவோரை ஏமாற்றியது எனலாம்.

கேடு கண்ணுக்குத் தெரியாத நார்களில் நிகழ்ந்தது. குளோரின் செல்லுலோசின் நீண்ட சங்கிலிகளைத் துண்டித்தது. கழுவியும் எஞ்சிய குளோரின் சேர்மங்கள் அமிலத்தன்மையை வளர்த்தன. தாளுக்கு உறுதியூட்டிய ஜெலட்டின் பசையும் நீரில் கரைந்து குறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தகைய தாள்கள் வலுவிழந்து மீண்டும் மஞ்சளித்தன.

ஆய்வாளர் நோக்கில் இழப்பு இன்னும் பெரிது. தாளின் நிறம், பசை, மேற்பரப்பு ஆகியன ஓர் அச்சோவியத்தின் காலத்தையும் அது கடந்துவந்த வழியையும் உணர்த்தும் சான்றுகள். வெளுத்தல் கறையோடு சான்றையும் அழித்துவிடுகிறது. அழிந்த சான்றை எவ்வேதிப்பொருளாலும் மீட்க இயலாது.

இவ்வனுபவத்தின் பயனாகவே, இயன்றவரை குறைவாகத் தலையிடுதல், பின்னர் நீக்கக்கூடிய பொருள்களையே பயன்படுத்துதல் எனும் கொள்கைகள் இன்று வற்புறுத்தப்படுகின்றன. கிழிசலை ஒட்டக் கோதுமை மாவுப்பசையும் மெல்லிய சப்பானியத் தாளும் விரும்பப்படுவது இதனாலேயாகும். இவற்றை நீரால் நனைத்துப் பின்னாளில் பிரித்தெடுக்கலாம்.

பழைய தமிழ் இதழ்களையும் நூல்களையும் பேணிவரும் ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். கிழிந்த பக்கத்தில் நெகிழி ஒட்டுநாடாவை ஒட்டும்போது நாமும் அன்றையோர் செய்த பிழையையே செய்கிறோம். பழைய தாள் புதிதாகத் தோன்ற வேண்டுவதில்லை. அது நிலைத்திருந்தால் போதும்.