கிணறு வெட்ட நிலக்கரி வந்த கதை

குட்டி நேயர்களே, ஒரு கேள்வி. தண்ணீருக்காகக் கிணறு வெட்டுகிறீர்கள். உள்ளே இருந்து கன்னங்கரேலென்று ஏதோ வருகிறது. 'சே, வீண் வேலை' என்று மூடிவிடுவீர்களா?

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் இப்படித்தான் ஆனது. நல்லவேளை, அவர் அதைச் சும்மா விடவில்லை. அரசாங்கத்தின் காதில் போட்டுவைத்தார்.

அதுதான் பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே வளர்ந்த மரங்கள் சதுப்பில் விழுந்து, மேலே மண் மூடி, அழுந்தி அழுந்தி இப்படி ஆகிவிட்டன. சில கட்டிகளை உற்றுப் பார்த்தால் மரத்தின் வரிகூடத் தெரியும். தோண்டி எடுத்த புதிதில் ஈரமாக இருக்கும். அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான்!

வேடிக்கை இனிமேல்தான் இருக்கிறது. அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே, சோடா பாட்டிலுக்குள் அடைத்துவைத்த மாதிரி, நிலத்தடி நீர் அழுத்தத்தோடு காத்துக்கிடக்கிறது. நிலக்கரியை எடுக்கச் சுரங்கம் தோண்டி மேல்மண்ணை அள்ள அள்ளப் பாரம் குறையுமில்லையா? உடனே தண்ணீர் அடியிலிருந்து முட்டிக்கொண்டு வரும், விட்டால் சுரங்கமே முழுகிப்போகும். அதனால் பெரிய பெரிய பம்புகள் ராப்பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் தேடியவருக்கு நிலக்கரி கிடைத்தது, நிலக்கரி தோண்டுகிறவர்களுக்கோ தண்ணீரை இறைத்து மாளவில்லை!

சென்னை நேயர்களே, கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது நெய்வேலிப் பக்கத்து நிலத்தடி நீர் குழாய் வழியாக உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. நீங்களே அதைக் குடித்திருக்கலாம்!