எந்த வீடு என் வீடு?

பத்து நாட்களாக என் சுவாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு காகிதம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதக் கடிதம்.

நாங்கள் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஐந்து மாடி கட்டப் போகிறார்கள். கட்டி எழுப்பி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுவரில் ஓதம், கம்பியில் துரு. இடிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கப்புறம் நான் எங்கே இருப்பது?

"அம்மா, உன் பங்கை வித்துட்டு எங்களோட வந்துடு. உனக்குத் தனி ரூம் இருக்கு" என்கிறான் புனேயிலிருக்கும் மகன். "முதியோருக்குன்னே இங்கே நல்ல குடியிருப்பெல்லாம் வந்திருக்கும்மா. சமைக்கவே வேண்டாம்" என்கிறாள் கோயமுத்தூரிலிருக்கும் மகள். இருவருமே அன்பாகத்தான் சொல்கிறார்கள். "சரி, நீ இருந்த வீட்டிலேயே எது உனக்கு ரொம்பப் பிடிச்சது? அதைச் சொல்லு, அந்த மாதிரி பார்ப்போம்" என்று மகள் கேட்டபோதுதான் எனக்கு வாயடைத்துப் போயிற்று. அன்று ராத்திரி தூக்கம் வராமல், இருந்த வீடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

முற்றம் வைத்த வீடு

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. சித்திரை வெயிலிலும் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தால் குளுகுளுவென்று இருக்கும். சூடான காற்று மேலே எழும்பி முற்றத்தின் வழியே வெளியே போய்விடும். வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்து சாமர்த்தியம் அது. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முற்றத்து அண்டாவில் விழும்.

சொர்க்கம் என்கிறீர்களா? என் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும்! காற்றோட்டம் எல்லாம் கூடத்தோடு சரி. சமையலறையில் தலை அளவு ஜன்னல் ஒன்றுதான். ஈர விறகை ஊதி ஊதி அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். நாற்பது வயதிலேயே இருமல். விறகுப் புகை நுரையீரலையும் கண்ணையும் கெடுக்கும் என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்று, "அடுப்படியில இருக்கறவளுக்கு இருமல் வராம என்ன?" என்று விட்டுவிட்டோம். கழிப்பறை கிடையாது, விடியுமுன் தோப்புக்குப் போய் வர வேண்டும். திண்ணையோ ஆண்களுக்கு. அத்தனை பெரிய வீட்டில் அம்மா நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்த இடம் எது என்று யோசித்தால் நினைவுக்கே வரவில்லை.

ஒண்டுக் குடித்தனம்

1973-ல் கல்யாணமாகி திருவல்லிக்கேணிக்கு வந்தேன். ஒரே ஸ்டோரில் எட்டுக் குடித்தனம். எங்களுக்கு ஓர் அறையும், அதை ஒட்டி அடுப்பு வைக்கும் அளவுக்கு ஒரு தாழ்வாரமும். ஒரு கிணறு, இரண்டு கழிப்பறை. காலையில் வாளியோடு வரிசை. ராத்திரி பத்து மணிக்கு வாசல் விளக்கு அணைந்துவிடும். விருந்தாளி இரண்டு நாள் தங்கினால் வீட்டுக்காரர் முகம் மாறும். புதுசாகக் கல்யாணமானவர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டால் அடுத்த போர்ஷனுக்குக் கேட்கும்!

ஆனால் என் மகன் பிறந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நடுநிசியில் வலி கண்டுவிட்டது. கணவருக்கு நைட் ஷிப்ட். நான் முனகின சத்தம் கேட்டு, பக்கத்து போர்ஷன் அக்கா எழுந்து வந்தாள். "பயப்படாதேடி, நான் இருக்கேன்" என்றவள், சைக்கிள் ரிக்ஷாவைப் பிடித்து, கோஷா ஆஸ்பத்திரி என்று அப்போது எல்லோரும் சொன்ன கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சத்தம் கேட்கிற சுவர் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

தோட்டத்து வீடு

அப்புறம் கணவருக்கு நெய்வேலியில் வேலை கிடைத்தது. 1956-ல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தின் நகரியம். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், தனித்தனி வீடு, சுற்றிலும் தோட்டம். குழாயைத் திறந்தால் தண்ணீர். ஸ்டோரில் வாளியோடு நின்றவளுக்கு அது அரண்மனை. முருங்கை, எலுமிச்சை, இரண்டு பலா எல்லாம் என் கையால் வைத்தவை.

எங்கள் வீட்டுக்குத் தயிர் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்க ஊரு இப்ப சுரங்கத்துக்குள்ள இருக்கும்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டு எழுந்து போன கிராமங்கள் பல. எனக்கு ஒரு வீடு கிடைக்க, எங்கோ ஒருத்தி தன் வீட்டை இழந்திருக்கிறாள் என்று அன்றுதான் உறைத்தது.

2004-ல் கணவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்தோம். பலா மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டி ஏறினேன். அந்த வருஷம் அது நிறையக் காய்த்திருந்தது.

என் பேர் போட்ட வீடு

சைதாப்பேட்டைப் பக்கம் இந்த ஃபிளாட்டை 1989-லேயே கடன் போட்டு வாங்கியிருந்தோம். முன்பணத்துக்கு என் வளையல்கள் போயின. அதனால்தானோ என்னவோ, பத்திரத்தில் என் பேரையும் சேர்த்தார் என் கணவர். அப்போது அதன் அருமை தெரியவில்லை. அப்பா வீடு, மாமனார் வீடு, கம்பெனி வீடு என்று வாழ்ந்தவளுக்கு, இன்று இந்தக் காகிதத்தில் என் கையெழுத்தைக் கேட்கிறார்களே, அதற்குக் காரணம் அந்தப் பத்திரம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நின்றது. கீழ் வீட்டுக்காரர்கள் முதல் மாடியில் இருந்த எங்களிடம் வந்துவிட்டார்கள். மூன்று நாள் கரண்ட் இல்லை. ஒரே அடுப்பில் எல்லோருக்கும் கஞ்சியும் துவையலும். 2019-ல் என் கணவர் காலமானார். அதற்கு அடுத்த வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கத்தினேன். எதிர் வீட்டுப் பெண்ணிடம் என் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இருக்கும். "ஆன்ட்டி!" என்று கூவிக்கொண்டே கதவைத் திறந்து ஓடி வந்தாள். அந்தச் சாவி அவளிடம் இல்லாமல் போயிருந்தால்?

மகளுக்கு என் பதில்

எண்ணி முடித்ததும் விடிந்துவிட்டது. முழுக்க முழுக்கப் பிடித்த வீடு என்று ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. நமக்கு ஏற்ற இடம் எது என்று யோசிக்கும் சகோதரிகள், சதுர அடிக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

சமையலறையில் வெளிச்சமும் காற்றும் வேண்டும். குளியலறைத் தரை சொரசொரப்பாகவும், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியோடும் இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் ராத்திரி விளக்கு வேண்டும். வாசல்படி தடுக்கக் கூடாது. டாக்டர், மருந்துக் கடை, காய்கறிக் கடை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். வேண்டும்போது சாத்திக்கொள்ள ஒரு கதவு, கூப்பிட்டால் வர ஒரு மனுஷி, இரண்டும் வேண்டும். முடிந்தவரை, பத்திரத்தில் உங்கள் பேர் இருக்க வேண்டும்.

எங்களைப் போல் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழக அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஆகவே "நான் மட்டும் மாட்டேன்" என்று உட்கார்ந்திருப்பதைவிட, கேட்க வேண்டியதை முன்பே கேட்டு எழுதி வாங்குவதே புத்திசாலித்தனம். மனையில் உங்கள் பங்கு எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை வாடகை யார் தருவது, எந்தத் தேதிக்குள் சாவி தருவார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதல் மாடியிலேயே வீடு, குளியலறையில் கம்பி, எதிரில் அதே பெண்ணின் குடும்பம் என்று மூன்று நிபந்தனை. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நேற்று கையெழுத்துப் போட்டேன். கட்டி முடியும்வரை இதே தெருவில் வாடகைக்கு இருக்கப் போகிறோம், எதிர் எதிர் வீட்டில்.

"ஏம்மா, எங்க யார் கூடவும் வரமாட்டியா?" என்று மகனுக்குக் கொஞ்சம் வருத்தம். "வருவேன்டா, வந்து ஒரு மாசம் இருப்பேன். அப்புறம் என் வீட்டுக்குத் திரும்பி வருவேன்" என்றேன்.

வாடகை வீட்டுக்கு இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்றை அப்போதே எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.