ஒரே கம்பியில் போன், இன்டர்நெட்! பெட்டி மாறினால் லைன் பிடிக்காது!

ஒரே டெலிபோன் கம்பி. ஒரே நேரத்தில் அதில் இரண்டு பேர் பேசலாம். கூடவே இன்டர்நெட்டும் பார்க்கலாம்!

1999-ல் ஜெர்மனியில் இந்த வசதி வந்தது. டாய்ச்ச டெலிகாம் கம்பெனி இதற்கு "டி-டி.எஸ்.எல்." என்று பெயர் வைத்தது. அங்கே ஏற்கனவே ஏராளமான வீடுகளில், கடைகளில் ஐ.எஸ்.டி.என். போன் இருந்தது. அதில் ஒரு லைனைப் பிடித்து இன்டர்நெட் பார்த்தால் வினாடிக்கு 64 கிலோபிட்தான். புதியதில் 768. அதாவது 12 மடங்கு! யார் விடுவார்கள்?

ஒரே கம்பியில் இரண்டும் மோதாதா? மோதாது. ஐ.எஸ்.டி.என். சிக்னல் சுமார் 120 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடும். டி.எஸ்.எல். 138-க்கு மேலே ஓடும். சாதா போன் லைனுக்கான மோடம் 25-லேயே ஆரம்பிக்கும். அது இங்கே சரிப்படாது.

எது முதலில்?

சுவரில் உள்ள போன் சாக்கெட்டில் முதலில் மாட்ட வேண்டியது "ஸ்ப்ளிட்டர்" என்ற சின்னப் பெட்டி. இரண்டு சிக்னலையும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குப் பிறகுதான் பழைய "என்.டி.பி.ஏ." பெட்டி. ஐ.எஸ்.டி.என். போன்கள் எல்லாம் அதில் சேரும். ஸ்ப்ளிட்டரிலிருந்து இன்னொரு வயர் மோடத்துக்கு. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு.

"பழைய பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டுமே" என்று ஸ்ப்ளிட்டரை அதற்குப் பின்னால் செருகினால், போச்சு! மோடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். லைன் பிடிக்காது. டி.எஸ்.எல். சிக்னல் அந்தப் பெட்டியைத் தாண்டி வராது.

கரண்டு போனால்?

பழைய ஏற்பாட்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வீட்டில் கரண்டு போனாலும், எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியே வரும் மின்சாரத்தில் ஒரே ஒரு ஐ.எஸ்.டி.என். போன் பேசும். அதற்கென்று செட் பண்ணி வைத்திருக்க வேண்டும். நடுராத்திரி நெஞ்சு வலி என்றால் 112-க்கு போன் போடலாம்.

2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஐ.எஸ்.டி.என்-ஐப் படிப்படியாக மூடினார்கள். பேச்சும் இன்டர்நெட் வழிக்கு மாறியது. ஸ்ப்ளிட்டரைக் கழற்று, என்.டி.பி.ஏ-வைக் கழற்று, ரவுட்டரை நேரே சுவரில் மாட்டு என்றார்கள். சில ரவுட்டர்களில் ஐ.எஸ்.டி.என். சாக்கெட் இருந்ததால் பழைய போன் தப்பித்தது. ஆனால் அந்த லைனை நம்பி கார்டு மெஷினும் திருட்டு அலாரமும் வைத்திருந்த கடைக்காரர்கள்தான் திண்டாடினார்கள்.

இப்போது கரண்டு போனால் ரவுட்டர் அணையும். ரவுட்டர் அணைந்தால் வீட்டு போனும் ஊமை! வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ரவுட்டருக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும். இல்லையென்றால் தலைமாட்டில் சார்ஜ் ஏறிய செல்போனாவது இருக்கணும்.